சைவக் குறியிட்ட கிண்ணத்தில் சூரை மீன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மூன்று வாரங்களுக்கு முன் வெளிவந்த ஐரோப்பியப் பயணக் கட்டுரையில், ஜெர்மனியின் டுசெல்டோர்ஃப் நகரில் உள்ள ஜப்பானிய உணவகங்களைப் பற்றி இரண்டு பத்திகள் இடம்பெற்றிருந்தன. பச்சை மீனைக் கண்டு தயங்கும் சைவ உணவுக்காரர்கள் அங்கே காய்கறி உடோன் என்ற தடித்த நூடுல்ஸையும் மிசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப்பையும் வாங்கிக் கவலையின்றிச் சாப்பிடலாம் என்று கட்டுரையாளர் அதில் எழுதியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தக் கடிதம். அதை நம்பித் தங்கள் வாசகர் யாரேனும் அந்த மேசையில் அமர்ந்தால், அவர் சாப்பிடப்போவது மீன் சாறு. அது அவருக்குக் கடைசி வரை தெரியாமலே போகவும் வாய்ப்புண்டு. என் தாயாருக்கு அப்படித்தான் நேர்ந்தது.

நான் இந்நகரில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். கட்டுரையாளர் குறிப்பிட்ட இம்மர்மான் தெரு, தலைமை ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் சில நிமிட நடையில் தொடங்கிவிடும். அருகிலுள்ள ரூர் தொழிற்பகுதியின் எஃகையும் கனரக இயந்திரங்களையும் வாங்குவதற்காக 1950-களில் இங்கே வந்த ஜப்பானிய வணிக நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலுவலகம் திறந்தன. அலுவலர்களைத் தொடர்ந்து குடும்பங்கள் வந்தன. குழந்தைகளுக்காக 1971-இல் ஜப்பானியப் பள்ளி ஏற்பட்டது. 1978-இல் இதே தெருவில் ஓட்டலும் அலுவலகங்களும் கடைகளும் கொண்ட ஜெர்மன்-ஜப்பானிய மையம் எழுந்தது. 2021-இல் தெருப்பெயர்ப் பலகையில் ஜெர்மன் எழுத்துக்குக் கீழே ஜப்பானிய எழுத்தும் ஏறியது. இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. இத்தெருவின் பழைய உணவகங்கள் சுற்றுலாப் பயணிகளுக்காகத் திறக்கப்பட்டவை அல்ல. வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கிய ஜப்பானிய அலுவலர்களுக்காகத் திறக்கப்பட்டவை. ஐரோப்பிய நாக்குக்காகச் சுவையை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இருந்ததில்லை. அது அவற்றின் பெருமை. சைவ உணவுக்காரருக்கோ சிக்கல் தொடங்குவதே அந்தப் பெருமையில்தான்.

சென்ற ஆண்டு வசந்த காலத்தில் என் தாயார் இரண்டு மாதம் என்னுடன் தங்கியிருந்தார். வயது எழுபத்து மூன்று. முட்டைகூடத் தொடாதவர், ஆனால் புதிய இடம், புதிய சாப்பாடு என்றால் முன்வரிசையில் நிற்பவர். ஒரு சனிக்கிழமை மதியம் அந்தத் தெருவுக்கு அழைத்துச் சென்றேன். உணவகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. வாசலில் வரிசை நிற்கும் கடைகளுள் ஒன்று என்பது போதும். உணவுப் பட்டியலில் காய்கறி உடோன் என்ற பெயருக்கு அருகே சிறிய பச்சை இலை அச்சிட்டிருந்தார்கள். விலை 14 யூரோ. கூடவே சிறு கிண்ணத்தில் மிசோ சூப். பரிமாறிய பெண்ணிடம் நான் ஜெர்மனில், இது சைவம்தானே என்று கேட்டேன். ஆமாம் என்றார், ஒரு நொடியும் தயங்காமல்.

கிண்ணம் வந்தது. விரல் பருமனுள்ள வெள்ளைக் கோதுமை நூடுல்ஸ், அதன்மேல் வேகவைத்த கீரையும் காரட்டும், பொரித்த டோஃபு என்ற சோயாப் பனீர் ஒரு துண்டு, அடிவரை தெரியும் பொன்னிறச் சாறு. குச்சிகளால் போராடிப் பார்த்துவிட்டுத் தாயார் கரண்டிக்கு மாறினார். இரண்டு வாய் குடித்துவிட்டு, "நம்ம தெளிவு ரசம் மாதிரி இருக்குடா, புளி மட்டும்தான் இல்லை" என்றார். கிண்ணத்தை இரண்டு கைகளாலும் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். ஜப்பானியர் வழக்கப்படி அது மிகச் சரியான முறையாதலால், பக்கத்து மேசையில் இருந்த முதியவர் ஒருவர் எங்களைப் பார்த்துத் தலை தாழ்த்திப் புன்னகைத்தார்.

கணக்குச் சீட்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் வேறு வேலையின்றிப் பட்டியலைப் புரட்டினேன். ஒவ்வோர் உணவின் பெயருக்குப் பின்னும், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில், சில எழுத்துகள் இருந்தன. கடைசிப் பக்கத்தில் அவற்றுக்கு விளக்கம் இருந்தது. காய்கறி உடோனின் பின்னே நின்றவை மூன்று எழுத்துகள். ஒன்று கோதுமையைக் குறித்தது, இன்னொன்று சோயாவை. மூன்றாவது எழுத்துக்கு நேரே மீன் என்று எழுதியிருந்தது. பச்சை இலையும் மீனும் ஒரே வரியில், ஓர் அங்குல இடைவெளியில் இருந்தன.

பரிமாறிய பெண்ணை மீண்டும் அழைத்துக் காட்டினேன். அவர் குழம்பினாரே தவிர, குற்றம் செய்தவரைப் போல நடந்துகொள்ளவில்லை. "மீன் எதுவும் போடவில்லையே, சாறு மட்டும்தானே" என்றார். அந்தப் பதிலை அதன்பின் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. தட்டில் கிடப்பதுதான் உணவு, அதைச் சுமக்கும் நீர் உணவாகாது என்ற கணக்கு அவருடையது. நம் கணக்கு வேறு. வீடு திரும்பும் டிராமில் தாயாரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று என் மனைவி இன்றும் கருதுகிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. தாயார் சிறிது நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன்டா, தண்ணியிலேயேவா மீனு?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு பாலோடு நிறுத்திக்கொண்டார்.

தண்ணீரிலேயே மீன் என்பது மிகையில்லை. ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. அது செய்யப்படும் விதத்தைத் தங்கள் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. காய்ந்த கடற்பாசிப் பட்டை ஒன்றைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து மெல்லச் சூடேற்றுவார்கள்; அதன் பெயர் கொம்பு, நம் மாட்டுக் கொம்புக்கும் அதற்கும் உறவில்லை. நீர் கொதிக்கும் முன்பே பட்டையை எடுத்துவிட்டு, மரச்சீவல் போன்ற இளஞ்சிவப்புத் துகள்களை ஒரு கை அள்ளிப் போட்டு, ஓரிரு நிமிடத்தில் துணியில் வடிகட்டிவிடுவார்கள். எஞ்சுவது தேநீரின் நிறத்தில் தெளிந்த சாறு. கவிச்சி வாடை இல்லை, எண்ணெய் மிதப்பதில்லை, முள்ளோ செதிலோ அகப்படுவதில்லை. மீனைக் கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடித்துப் பழகிய சைவ உணவுக்காரருக்கு இங்கே இரண்டுமே உதவாது.

அந்த மரச்சீவலின் பெயர் கட்சுவோபுஷி. சூரை இனத்து மீனை அவித்து, முள் நீக்கி, நாள் கணக்கில் மாறி மாறிப் புகையூட்டி, உயர்ந்த ரகமானால் அதன்மேல் ஒருவகைப் பூசணத்தையும் படரவிட்டு உலர்த்தி, தட்டினால் கட்டையைப் போல ஒலிக்கும் வரை காயவைப்பார்கள். பிறகு, தச்சரின் இழைப்புளியைக் கவிழ்த்து வைத்தது போன்ற பெட்டியில் தேய்த்துச் சீவுவார்கள். தூத்துக்குடி வாசகர்களுக்கும் இலங்கை வாசகர்களுக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இது மாசிக் கருவாட்டின் ஜப்பானிய உடன்பிறப்பு. இரண்டுக்கும் மீன் ஒன்றே. அவித்தல், புகையூட்டல், உலர்த்தல் என்ற வரிசையும் ஒன்றே. கட்டுரையாளர் இந்த ஒரு செய்தியை அறிந்திருந்தால், மாசி போட்ட சாற்றைச் சைவம் என்று எழுதியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

சமையற்காரர் ஏன் அதை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை என்பதற்கும் விடை உண்டு. கொம்புவின் சுவைக்குக் காரணமான குளூட்டமேட்டை டோக்கியோ பேராசிரியர் கிகுனாயே இகேடா 1908-இல் பிரித்தெடுத்து, அச்சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா 1913-இல் கட்சுவோபுஷியில் உள்ள இனோசினேட்டைக் கண்டறிந்தார். இந்த இரண்டும் தனித்தனியே நாக்கில் தருவதை விடப் பல மடங்கு அழுத்தமான சுவையைச் சேர்ந்திருக்கும்போது தருகின்றன. மீனை நீக்கிவிட்டு வெறும் கொம்பு நீரைக் கொடுத்தால், பழகிய ஜப்பானிய நாக்குக்குப் பருப்புத் தண்ணீர் இல்லாத ரசம் போலத்தான் இருக்கும். ஆகவேதான் அந்தச் சாறு உடோனில் மட்டுமின்றி, நாம் சந்தேகப்படாத இடத்தில் எல்லாம் புகுந்திருக்கிறது. மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறி டெம்புராவோடு வரும் தொட்டுக்கொள்ளும் சாறு அதுதான். பொரித்த டோஃபுவைச் சுற்றி ஊற்றியிருப்பதும், கீரையை ஊறவைப்பதும், இனிப்பு முட்டைச் சுருளைக் குழைப்பதும் அதுதான். இனாரி என்ற பெயரில் சோற்றை உள்ளடக்கி வரும் டோஃபு உறையைக்கூடப் பல சமையலறைகளில் தாஷியில்தான் வேகவைக்கிறார்கள். குளிர்ந்த டோஃபுவின் மேலும் ஓகோனோமியாகி என்ற முட்டைக்கோஸ் அடையின் மேலும் அந்தச் சீவலையே நேரடியாகத் தூவிவிடுவார்கள். அடையின் சூட்டில் அவை உயிருள்ளவை போல நெளிந்தாடும். அந்த வேடிக்கையைப் படம் பிடித்துப் போட்டவர்களில் பலருக்கு அது மீன் என்று தெரிந்திருக்காது.

விலை மலிந்த கடைகளில் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள், அங்கே போனால் தப்பலாம் என்றும் எண்ண வேண்டாம். அங்கே பொட்டலப் பொடி கரைப்பார்கள். வழக்கமான அந்தப் பொடியிலும் மீன் சத்து இருக்கும். இவ்விடத்தில் கட்டுரையாளரின் இன்னொரு அறிவுரையையும் மறுக்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய நகரங்களில் சுஷி கடை நடத்துபவர்களில் பலர் வியட்நாமியர் அல்லது சீனர் என்பதால், ஜப்பானியரே சமைக்கும் அசல் கடையைத் தேடிச் செல்லுங்கள் என்று அவர் சொல்கிறார். பொதுவாக நல்ல அறிவுரைதான். அசல் எது, போலி எது என்ற கவலை ஜப்பானிய அரசுக்கே ஒரு காலத்தில் இருந்தது. வெளிநாட்டு ஜப்பானிய உணவகங்களுக்குச் சான்று வழங்கும் திட்டத்தை அதன் வேளாண் அமைச்சகம் 2006-இல் அறிவித்தபோது, வெளிநாட்டுப் பத்திரிகைகள் அதைச் சுஷி போலீஸ் என்று கேலி செய்ததும், திட்டம் பின்னர் மென்மையாக்கப்பட்டதும் நினைவிருக்கலாம். ஆனால் சைவ உணவுக்காரரைப் பொறுத்தவரை கடை எவ்வளவுக்கு அசலோ அவ்வளவுக்கு மீன் நிச்சயம். புகைப் படிவு தொடர்பான ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்புகளால் ஜப்பானிலிருந்து கட்சுவோபுஷியைக் கொண்டுவருவது கடினமானபோது, அதன் உற்பத்தியாளர்கள் பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரையில் உள்ள கான்கார்னோ துறைமுகத்திலேயே ஆலை வைத்துச் சீவத் தொடங்கினார்கள் என்றால், அசல் சமையற்காரர்களுக்கு அது எவ்வளவு இன்றியமையாதது என்பதை அறிந்துகொள்ளலாம்.

அந்தப் பச்சை இலையை நம்பியது என் பிழை. அதை அச்சிட்டது கடையின் பிழை. ஆனால் சட்டத்தின் பிழை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 என்ற உணவுத் தகவல் ஒழுங்குமுறை, 2014 டிசம்பர் 13 முதல், ஒவ்வாமை தரக்கூடிய பதினான்கு பொருள்களைப் பற்றிய தகவலை உணவகங்களும் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கிறது. மீன், நண்டு இறால் வகை, சிப்பி கணவாய் வகை, முட்டை, பால் ஆகியவை அவற்றுள் அடங்கும். அதே ஒழுங்குமுறையின் 36-ஆவது பிரிவு, சைவம், நனிசைவம் (பாலும் முட்டையும்கூட இல்லாத வீகன் உணவு) என்ற சொற்களுக்கான விதிகளை ஐரோப்பிய ஆணையம் வகுக்க வேண்டும் என்று பணித்தும், அப்படியொரு விதி வரவேயில்லை. ஆக, பச்சை இலை கடைக்காரரின் விருப்பம். சின்ன எழுத்து சட்டத்தின் கட்டளை. ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எழுத்தைத்தான் நம்ப வேண்டும்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எந்த எழுத்து எந்தப் பொருளைக் குறிக்கும் என்பது கடைக்குக் கடை மாறும். ஒரு கடையில் கற்றதை இன்னொரு கடையில் பயன்படுத்தக் கூடாது. பட்டியலில் எழுத்து எதுவும் இல்லாவிட்டால், ஜெர்மன் விதிப்படி வாய்மொழியாகவும் தகவல் சொல்லலாம். ஆனால் அதற்கு ஆதாரமான எழுத்துக் குறிப்பைக் கடையில் வைத்திருந்து, கேட்பவருக்குக் காட்ட வேண்டும். அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். இங்கே கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அன்றாடம் கேட்கிறார்கள்.

இந்தப் பதினான்கின் எல்லையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பன்றியும் மாடும் மதுவும் அப்பட்டியலில் இல்லை, ஏனெனில் அது ஒவ்வாமைக்கான பட்டியலே தவிர ஆசாரத்துக்கானது அன்று. டொன்கொட்சு ராமென் என்ற நூடுல்ஸ் சூப்பின் பால் போன்ற வெள்ளைச் சாறு பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுப்பது. மேலே இறைச்சித் துண்டு வேண்டாம் என்று சொன்னால் அது சைவமாகிவிடாது. ஜப்பானியக் கறிக்கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பு உண்டு. இனிப்பும் பளபளப்பும் தரும் மிரின் என்ற சமையல் அரிசி மது, அசல் வகையானால், ஏறத்தாழ 14 விழுக்காடு ஆல்கஹால் கொண்டது. இஸ்லாமிய வாசகர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். இவற்றை எழுத்துகள் காட்டிக்கொடுக்க மாட்டா. வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும்.

அப்படியானால் அங்கே சாப்பிட எதுவுமே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. உப்பிட்டு வேகவைத்த பச்சை சோயா அவரை, சுஷி வகையில் வெள்ளரிக்காய்ச் சுருள், அவகாடோச் சுருள், ஊறுகாய் முள்ளங்கிச் சுருள், வெறும் சோறு ஆகியவை பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. டெம்புரா மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம், இறால் பொரித்த எண்ணெயிலேயே கத்தரிக்காயும் விழும். ஆகவே என் தாயாரைப் போன்றவர்களுக்கு அது ஆகாது. அண்மைக் காலத்தில் இந்நகரின் ராமென் கடைகள் சிலவற்றில் சோயாப் பாலும் காளானும் கொம்புவும் சேர்த்த நனிசைவ ராமென் தனியாகவே கிடைக்கிறது. வீகன் என்ற சொல்லை இங்குள்ளவர்கள் சைவம் என்ற சொல்லைவிடக் கண்டிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம். நெய்யும் தயிரும் உண்ணும் நாமும் உணவகத்தில் நனிசைவம் என்று சொல்லிக்கொள்வது புத்திசாலித்தனம்.

பச்சை மீன் நேற்றுக் கடலில் நீந்தியது, இன்று தட்டில், ஆகவே நோய் வரும் என்று கட்டுரையில் இருந்த அச்சத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. பச்சையாக உண்ணப்படும் மீனில் புழுக்கள் இருந்தால் அவை சாக வேண்டும் என்பதற்காக, உட்பகுதி வரை −20 டிகிரி செல்சியஸில் குறைந்தது 24 மணி நேரம், அல்லது −35 டிகிரியில் 15 மணி நேரம், உறையவைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு வளர்க்கப்படும் பண்ணை மீன் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே நேற்றுப் பிடித்த கடல் மீன் என்று எந்தக் கடையாவது விளம்பரம் செய்தால் அதை நினைத்துத்தான் கவலைப்பட வேண்டும். கட்டுரையாளர் ஜப்பானின் தொன்மை என்று வியந்த சால்மன் சுஷியோ, 1980-களில் நார்வேக்காரர்கள் தங்கள் பண்ணை மீனை விற்க ஜப்பானுக்குச் சென்று பெரும்பாடுபட்டுப் பழக்கியது. அதற்கு முன் சால்மனைப் பச்சையாகத் தின்ன அஞ்சியவர்கள் ஜப்பானியர்களே. தண்ணீருக்குக் காசு வாங்கினார்கள் என்ற அவருடைய மனக்குறை ஜப்பானியரைச் சேராது. அது ஜெர்மன் வழக்கம், பெரும்பாலான கடைகளில் அப்படித்தான். ஆனால் சுஷியைக் கையால் எடுத்துச் சாப்பிட்டதற்காக அவர் வெட்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. கையால் உண்பது அங்கே பழைய முறை.

என் தாயார் ஊருக்குத் திரும்புவதற்கு நான்கு நாள் முன்பு, அதே தெருவை ஒட்டிய வேறொரு சிறு கடைக்கு முதல் நாளே தொலைபேசியில் பேசினேன். இம்முறை சைவமா என்று கேட்கவில்லை. சாற்றில் மீன் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார்கள், உடனே, தெளிவாக. மீனில்லாத சாறு செய்ய முடியுமா என்றதும், மறுமுனையில் யாரையோ கலந்து பேசிவிட்டு, பௌத்த மடங்களில் செய்வதுபோல் கொம்புவும் உலர்ந்த ஷிட்டாக்கே காளானும் மட்டும் போட்டு இரவே ஊறவைத்துவிடுகிறோம், நாளை வாருங்கள் என்றார்கள். மடத்துத் துறவிகளுக்கான ஷோஜின் சமையல் என்ற மரபு ஜப்பானில் நூற்றாண்டுகளாக இருக்கிறது. அதில் மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட விலக்கு. ஆகவே நம் கோரிக்கை அவர்களுக்குப் புதிதன்று. கேள்வியை அவர்களுக்குப் புரியும்படி கேட்பதுதான் நமக்குப் புதிது.

மறுநாள் சாறு சற்றுக் கருத்து, காளான் மணத்தோடு வந்தது. முதல் கடையின் சாற்றுக்கு இது ஈடாகாது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். தாயாரும் ஒப்புக்கொண்டார், கொஞ்சம் வருத்தத்தோடு. சாப்பிட்டு முடித்தபின் வயதான சமையற்காரர் உள்ளேயிருந்து ஒரு கொம்புப் பட்டையைக் கொண்டுவந்து காட்டினார். கரும்பச்சை நிறம், ஓரம் சுருண்டு, காய்ந்த பனையோலையின் விறைப்போடு இருந்தது. மேலே மாவு தூவினாற்போல வெண்மை படிந்திருந்தது. தாயார் அதை முந்தானையால் துடைக்கப் போனார். சமையற்காரர் பதறிக் கைகாட்டித் தடுத்தார். அது பூசணம் அல்ல, சுவையே அதில் இருக்கிறது, கழுவவே கூடாது என்று அவர் ஜெர்மனில் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். தாயார் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது என்ன விலை என்று கேட்கச் சொன்னார். நாலு வீடு தள்ளியிருந்த ஜப்பானிய மளிகைக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கினோம். பின்புறத்தில் இருந்த சின்ன எழுத்துகளை இம்முறை இருவருமாகப் படித்த பிறகுதான்.

ஐயா, நான் தங்களிடம் வேண்டுவது பெரிதன்று. அக்கட்டுரையின் இணையப் பதிப்பில் காய்கறி உடோன், மிசோ சூப் பற்றிய அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள். இடமிருந்தால், ஜெர்மனிக்குச் செல்லும் வாசகர்கள் எழுதி வைத்துக்கொள்ள ஏதுவாக, சாற்றில் மீன் உண்டா என்று பொருள்படும் "இஸ்ட் இன் டெர் ப்ரூயே ஃபிஷ்?" என்ற ஜெர்மன் கேள்வியையும், மீன் தாஷி சேர்ந்திருக்கிறதா என்று பொருள்படும் "கட்சுவோ தாஷி வா ஹாய்த்தே இமாஸ் கா?" என்ற ஜப்பானியக் கேள்வியையும் அதன் கீழே அச்சிடுங்கள். இரண்டாவதை நான் அந்தச் சமையற்காரரிடமே சொல்லிக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். உச்சரிப்பைக் கேட்டு அவர் சிரித்தார், ஆனால் புரிந்துகொண்டார்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
டுசெல்டோர்ஃப், ஜெர்மனி